வயித்துக்காரி

போன் அடித்தபோது நான் ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். காலர் திருப்பும்போது யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். மூலையை வெளியே தள்ளும் கத்தரிக்கோலின் முனை ஒரு நூல் அதிகமாகப் போனாலும் அந்த இடம் ஓட்டையாகிவிடும். திரையில் என் கணவரின் பெயரைப் பார்த்ததும் முனை ஒரு நூல் அதிகமாகவே போய்விட்டது.

பதினான்கு மாதங்களாக அந்தப் பெயர் என் போனில் வரவில்லை.

"நான்தான்" என்றார்.

"தெரியுது."

"எப்படி இருக்கே?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அவருக்கு ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் முதலில் மூச்சு வரும், பேச்சு அப்புறம்தான். எட்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன?

"வீட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போறியா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"அந்த நோட்டு உங்கிட்டதானே இருக்கு? மறக்காம எடுத்துட்டு வா. அம்மாவும் வரச் சொன்னாங்க."

அம்மாவும்! அந்த ஒரு 'உம்' என்னை எழுப்பி நிறுத்திவிட்டது. அவர் கேட்டது என்னவோ 'வந்துட்டுப் போறியா' என்றுதான். என் காது 'வந்து' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, 'போ' என்பதை வெட்டுத்துணி மாதிரி கீழே தள்ளிவிட்டது.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுப் பின்னறையில்தான் என் மெஷினும் நானும் ஒண்டிக்கொண்டிருந்தோம்.

"யாரு? அவனா? மூஞ்சி இப்படிப் பூத்துக் கெடக்கு."

"வீட்டுக்கு வரச் சொல்றாருக்கா. நோட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு. அத்தையும் கூப்பிடறாங்களாம்."

"அவன் சொன்னதை அப்படியே சொல்லு. நீ லைனிங் வச்சுத் தைக்காதே."

"அப்படியேதான் சொல்றேன்."

"நோட்டு எதுக்காம்?"

"வேற எதுக்கு? அத்தைகிட்டக் காட்டி, அன்னைக்கு நடந்ததைச் சரி பண்ணத்தான் இருக்கும்."

அக்கா கரண்டியால் தன் நெற்றியைத் தட்டிக்கொண்டாள். ஆனால் நான் தலை வாரிக்கொண்டபோது பின்னால் வந்து நின்று, கலைந்திருந்த இரண்டு முடியை ஒதுக்கிவிட்டாள். அவளுக்கும் ஆசை இருந்தது. என் மெஷின் அவளுடைய பின்னறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். அதில் தவறொன்றும் இல்லை.

*

அந்த நோட்டு என் அளவு நோட்டு. யாருக்கு என்ன தைக்கிறேனோ அவர்கள் பெயரை மேலே எழுதி, கீழே அளவு. நீளத்துக்கு 'நீ', அகலத்துக்கு 'அ', தோளுக்கு 'தோ'. அதில் ஒரு பக்கம் மட்டும் மனுஷருடையது இல்லை. எங்கள் வீட்டுச் செப்டிக் டேங்கினுடையது.

கல்யாணமாகி இரண்டாவது மாதமே குளியலறைத் தண்ணீர் உள்ளே போகாமல் எதிர்த்துக்கொண்டு மேலே வந்தது. "புது மருமக வந்த நேரம்" என்றார் அத்தை. டேங்க் உறிஞ்சும் லாரி வந்தது. என் கணவர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். அத்தை தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் மிஞ்சியவள் நான். மூடியைக் காட்டியதும், உடன் நின்றதும், கடைசியில் வாசலைக் கழுவிவிட்டதும் நான்தான்.

லாரிக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். உறிஞ்சுகுழாயை உள்ளே இறக்கிக்கொண்டே, "சரியான வயித்துக்காரிம்மா இவ" என்றார். "எதைப் போட்டாலும் வாங்கிக்குவா, வேணாம்னே சொல்ல மாட்டா. ஒரு நாள் பொறுக்க முடியாம மொத்தமாத் திருப்பிக் குடுத்துடுவா. சில பொம்பளைங்க மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் முதல்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் என் பொறுப்பு. எண்ணெய்ச் சட்டியை முதலில் காகிதத்தால் துடைத்த பிறகுதான் கழுவுதொட்டியில் போடுவேன். துணியோ பஞ்சோ ஒன்றும் கழிப்பறையில் போகாமல் பார்த்துக்கொள்வேன். காற்றுக்குழாயின் தலையில் கொசுவலை கட்டியிருந்தேன். அத்தை நாள் தவறாமல் கழிப்பறையில் அரை பாட்டில் ஆசிட் ஊற்றுவார். "அதுக்குள்ள இருக்கிற கிருமிதான் அத்தை எல்லாத்தையும் செரிக்க வைக்குது, அதைக் கொன்னுட்டா சீக்கிரம் நிறைஞ்சுடும்" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "கிருமிக்கு வக்காலத்து வாங்குற மருமக எனக்குத்தான் வாய்ச்சிருக்கு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். அதன்பிறகு ஆசிட் முழு பாட்டிலாயிற்று.

மூடி இரும்பு வளையம் பதித்த ஒரு சிமெண்டுப் பலகை. வீட்டின் பக்கவாட்டில், சமையலறைச் சுவரை ஒட்டிய மண்தரையில் கிடந்தது. பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது என்று அத்தை அதன்மேல் அரையடிக்கு மண் கொட்டி, வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டி வைத்துவிட்டார். அடுத்த தடவை தேடக் கூடாதே என்று நான் டேப்பை வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். சமையலறை வெளிமூலையிலிருந்து சுவரோடு தொண்ணூற்றெட்டு அங்குலம், சுவரிலிருந்து தள்ளி அறுபத்து நான்கு. முதலில் தலைப்பில் 'செப்டிக் டேங்க்' என்றுதான் எழுதினேன். அத்தை பார்த்துவிட்டு, "ஊரார் உடுத்துற துணிக்கு அளவு எழுதுற நோட்டுல இந்தக் கருமத்தையா எழுதுவே? பார்த்தா எவ துணி குடுப்பா?" என்று கத்தினார். பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு பக்கத்தில் வேறு பெயரில் எழுதினேன். லாரிக்காரர் வைத்த பெயர்.

வருடத்துக்கு இரண்டு முறை, அத்தை வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்தி, மண்ணைத் தள்ளி, மூடியைக் கொஞ்சம் நெம்பி, நீளக் குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே இறக்குவேன். துணியில் கறுப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை கசடு. பார்த்ததை எழுதி வைப்பேன்.

போன வருடத் தொடக்கத்தில் நாத்தனார் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ஒரே வருடத்தில். எனக்கு எட்டு வருடத்தில் நடக்காதது. வயிறு எரிந்தது என்று சொன்னால் பொய். குழந்தைக்கு நாலு குட்டிச் சட்டை தைத்தேன், பிஞ்சு உடம்பில் உறுத்தக் கூடாதென்று தையலையெல்லாம் வெளிப்பக்கம் வைத்து. ஐந்தாவது மாதத்தில் கலைந்துபோயிற்று. அவளை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்திருந்தார்கள். வீடே சுருண்டு கிடந்தது. அந்த வாரத்தில்தான் அத்தை ஏதோ போன் நம்பரைத் தேடி என் நோட்டைப் புரட்டியிருக்கிறார்.

அவர் படித்தது இதுதான்.

'வயித்துக்காரி. நீ 98, அ 64. குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி இறக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. ஐந்தாம் மாதத்துக்குள் காலி பண்ணிவிட வேண்டும். அத்தைக்குத் தெரியாமல் ஆளைக் கூப்பிட வேண்டும்.'

மே மாதத்துக்குள், மழை வருவதற்கு முன், லாரியைக் கூப்பிட வேண்டும் என்று நான் எழுதி வைத்தது. சீருடைகளுக்கெல்லாம் மாதத்தை எண்ணில்தான் எழுதுவேன், அதே பழக்கம்.

"எம்பொண்ணு வயித்தை அளந்து வச்சிருக்காடா! வெள்ளைத் துணி சுத்திச் செய்வினை வச்சிருக்காடா!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நாத்தனார் கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

"அது செப்டிக் டேங்குங்க" என்றேன் என் கணவரிடம்.

"கேட்டியாடா! எம்பொண்ணு வயித்தை இவ கக்கூஸுங்கிறா!"

"நீங்க வாங்க, மூடியைத் திறந்தே காட்டறேன். அளவு சரியா இருக்கான்னு நீங்களே பாருங்க."

அவர் பக்கவாட்டுக் கதவு வரை வந்தார். கதவைத் திறக்கவில்லை. "இப்ப எதையும் திறக்க வேணாம்" என்றார். "அம்மா கொஞ்சம் ஆறட்டும். நாலு நாள் அக்கா வீட்டுல இருந்துட்டு வா."

அந்த நாலு நாள்தான் பதினான்கு மாதமானது. நான் அனுப்பச் சொன்ன மெஷின் வந்தது. அதோடு ஒரு பையில் அந்த நாலு சட்டையும் வந்தது.

*

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பியபோதே லாரி நிற்பது தெரிந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூக்கு உண்மையைச் சொல்லிற்று. நான் மூக்கை நம்பவில்லை.

என் கணவர் கேட்டருகில் நின்றிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் வேறு நிறத்தில் தைக்கப்பட்டிருந்தது. யாரோ தைக்கத் தெரியாதவர்கள் தைத்தது.

"வந்துட்டியா, நல்ல வேளை. நோட்டு கொண்டு வந்தியா?"

என் முகத்தைப் பார்த்திருந்தால் நான் தலை வாரியிருந்தது தெரிந்திருக்கும். அவர் என் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொண்டு வந்திருக்கேன்."

"மூணு நாளா வீட்டுல ஒருத்தரும் குளிக்க முடியல. எல்லாம் மேல வருது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணியாகணும். மூடி எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. கொல்லைப்பக்கம் மூணு இடத்துல தோண்டிப் பார்த்துட்டாங்க."

போய்ப் பார்த்தேன். காற்றுக்குழாயைச் சுற்றி இடுப்பளவுக்கு மூன்று குழிகள். குழாய் நிற்கிற இடத்தில்தான் டேங்க் இருக்கும் என்று நினைத்துத் தோண்டியிருக்கிறார்கள். குழாய் கழிப்பறைச் சுவரோடு போவது. டேங்க் அங்கே இல்லை. நான் கட்டிய கொசுவலை கிழிந்து குழாயின் தலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நோட்டு இதற்குத்தான். இரண்டு கால்களும் அப்படியே திரும்பி பஸ் நிறுத்தத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இப்படியாவது ஒரு சாக்கு கிடைத்ததே, மூடி திறந்தால் நோட்டில் இருப்பது என்னவென்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று மனசு அடுத்த கணக்கைப் போட்டுவிட்டது. ஆசை வெட்கம் கெட்டது.

"அளந்து பார்த்துடலாம்" என்று கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

பக்கவாட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். மண்தரை இல்லை. குரோட்டன்ஸ் தொட்டிகள் இல்லை. சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு புதிய அறை எழும்பியிருந்தது. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. துர்நாற்றத்தோடு கலந்து அது வேறொரு நாற்றமாக இருந்தது.

"இது எப்ப கட்டினது?"

"ஆரம்பிச்சு நாலு மாசமாச்சு. போன வாரம்தான் முடிஞ்சுது" என்றார்.

சமையலறை வெளிமூலையில் டேப்பின் முனையை வைத்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். முப்பது அங்குலத்தில் புதுச் சுவர் இடித்தது. மீதி அறுபத்தெட்டு. சுவரின் தடிமன் ஒன்பது போனால், உள்ளே ஐம்பத்தொன்பது.

"உள்ள போய்த்தான் அளக்கணும்."

"உள்ளேயா?" என்றார். குரல் ஒரு மாதிரி வந்தது. "உள்ள வேணாமே. வெளியிலயே எப்படியாவது..."

"மூடி வெளியில இல்லையே."

கூடத்தின் வழியாகப் போனோம். அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் துணி. என்னைப் பார்த்ததும் 'வா' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. "செருப்பைக் கழட்டிட்டுப் போகச் சொல்லுடா, புது டைல்ஸ்" என்றார் மகனிடம்.

அறைக்குள் போனேன். வெளிர் நீலச் சுவர். கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த தையற்கடையில் இந்த நிறத்துக்கு 'பெண் பார்க்கும் நீலம்' என்று கிண்டலாகப் பெயர் வைத்திருந்தோம். இரண்டு பேர் நின்றால் தெரிகிற அளவுக்கு ஒரு நிலைக்கண்ணாடி. இரட்டைக் கட்டில். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. திரைச்சீலை கடையில் வாங்கியது, கீழ்மடிப்பு ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதுபோல அவர் நின்றார். கடைசியில் அவரே சொன்னார்.

"அம்மா ஒரு இடம் பார்த்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை அவங்க வீடு பார்க்க வர்றாங்க. உனக்கு வக்கீல் மூலமா பேப்பர் அனுப்பறதாத்தான் இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

"ஓ" என்றேன்.

வேறென்ன சொல்வது? சில சமயம் ஊசி விரலில் முழுக்க இறங்கினால் முதலில் வலிக்காது. இறங்கியிருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். நான் குனிந்து டேப்பைத் தரையில் வைத்தேன். ஐம்பத்தொன்பது. சாக்கால் ஒரு கோடு. அங்கிருந்து சுவருக்கு நேர் செங்குத்தாக அறுபத்து நான்கு. டேப் கட்டிலுக்கு அடியில் போயிற்று. நானும் முழங்கால் போட்டுக் கட்டிலுக்கு அடியில் போனேன். புது மாப்பிள்ளைக் கட்டிலுக்கு அடியில் பழைய பெண்டாட்டி. இதைப் பார்க்க அக்கா இல்லையே என்று நினைத்தேன். சிரித்திருப்பாள், அப்புறம் அழுதிருப்பாள்.

சரியாகக் கட்டிலின் நடுவுக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"இங்கதான்."

அத்தை வாசற்படியில் வந்து நின்றார். "இங்கேன்னா? கட்டிலுக்கு அடியிலயா? நல்லாப் பார்த்துச் சொல்லச் சொல்லு. வேணும்னே சொல்றாளோ என்னமோ."

"அறை கட்டும்போது கொத்தனார் கேட்கலையா அத்தை, கீழ என்ன இருக்குன்னு?"

"கேட்டான். வெறும் மண்ணுன்னு சொன்னேன். அந்தக் கருமம் எங்க இருக்குன்னு யாரு ஞாபகம் வச்சிருந்தா?" என்று மகனைப் பார்த்துச் சொன்னார் அத்தை.

அந்த நேரத்தில்தான் லாரிக்காரர் குழாயின் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். மீசை நரைத்திருந்தது, வாய் நரைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, வாம்மா! எத்தனை நாளாச்சு! நான் அப்பவே சொன்னேன், அந்தம்மாவைக் கூப்பிடுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்னு. நானும் ஊர்ல நூறு டேங்க் திறக்கறேன், எந்த வீட்டுல எங்கன்னு ஞாபகம் இருக்குமா? அதுக்கு மேல அறையையும் கட்டி வச்சுட்டா எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? சொல்லும்மா, எங்க நம்ம வயித்துக்காரி?"

அத்தை மூக்கிலிருந்த துணியை இறக்கினார்.

"யாரைச் சொல்றே?" என்றார் அத்தை.

"இவளைத்தான்." லாரிக்காரர் புது டைல்ஸைக் குதிகாலால் தட்டினார். "நான் வச்ச பேரும்மா அது. எட்டொன்பது வருஷம் இருக்கும். இந்தம்மா ஒவ்வொரு தடவையும் போன்ல அப்படித்தான் சொல்லும். 'அண்ணே, வயித்துக்காரி நிறைஞ்சுட்டா, மழைக்குள்ள காலி பண்ணணும், அத்தை வீட்டுல இல்லாதப்ப வாங்க'ன்னு. போன வருஷமும் நான் போனுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். ஐந்தாம் மாசம் வந்தாகணுமேன்னு. வரவே இல்லை. சரி, வேற ஆளைப் பிடிச்சுட்டாங்க போலன்னு விட்டுட்டேன்."

அவர் சொல்லிக்கொண்டே போனார். எந்த வார்த்தை எங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரியாது. அத்தை மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார். மெத்தையின் பிளாஸ்டிக் படபடவென்று சத்தம் போட்டது. என் கணவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். அப்புறம் தரையிலிருந்த குறியைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

நான் காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நீல அறையில் நின்றுகொண்டு, அந்தக் கட்டிலைப் பார்த்த பிறகும், ஒரு நிமிடம் காத்திருந்தேன்.

"எழுந்திருங்கம்மா, கட்டிலை நகர்த்தணும்" என்றார் லாரிக்காரர்.

அத்தைக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. "உடைக்கணுமா? டைல்ஸ் போட்டு ஒரு மாசம்கூட ஆகலையே. வேற வழியே இல்லையா?"

"இருக்கும்மா. இந்த வீட்டுல இனிமே ஒருத்தரும் சாப்பிடாம இருக்கணும். அது ஒண்ணுதான் வழி."

கடப்பாரையின் முதல் அடி விழுந்தபோது அத்தை கண்ணை மூடிக்கொண்டார். நாலு டைல்ஸ், அதன் கீழே சிமெண்டுத் தளம், அதன் கீழே மண். அரையடி மண்ணைத் தள்ளியதும் இரும்பு வளையம் தெரிந்தது. என் குறிக்கும் வளையத்துக்கும் இரண்டு விரல்கூட வித்தியாசம் இல்லை.

"என்னா அளவு!" என்றார் லாரிக்காரர். "தையக்காரின்னா தையக்காரிதான்."

ஜன்னலையெல்லாம் திறக்கச் சொல்லி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மூடியை நெம்பினார். நாற்றம் கூடத்தைக் கடந்து வாசலுக்கு வந்தது. மேலே ஒன்றரையடிக்குக் கெட்டிப் பொருக்கு கட்டியிருந்ததாம். "ஆசிட்டை ஊத்தி ஊத்திக் கொன்னுட்டீங்க. உள்ள ஒண்ணும் செரிக்கல, வந்தது வந்தபடி அப்படியே கெடக்கு" என்றார். அத்தை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஒரு மணி நேரம் உறுமியது. அதுவரை நாங்கள் மூவரும் வாசலில், ஒருவருக்கொருவர் இரண்டு கை தூரத்தில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

முடித்துவிட்டு லாரிக்காரர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "இனிமே மேல டைல்ஸ் ஒட்டாதீங்க. இரும்பு மூடி ஒண்ணு செஞ்சு அங்கேயே போட்டுடுங்க. எப்ப வேணாலும் திறக்கிற மாதிரி இருக்கணும்."

"படுக்கிற அறைக்கு நடுவுலயா?" என்றார் என் கணவர்.

"டேங்க்குக்கு மேல அறையைக் கட்டினது நானா தம்பி?"

லாரி போனது. அத்தை உள்ளே போய் எனக்குத் தேநீர் கொண்டு வந்தார். காகிதக் கோப்பையில். லாரிக்காரருக்கும் அதே கோப்பையில்தான் கொடுத்திருந்தார். நான் வாங்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார். அன்றைக்கு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. "வர்ற பொண்ணுக்கு வேணும்ல. எப்ப பார்க்கணும், என்ன பண்ணணும்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மேல இருக்கிற பேரை மட்டும் அடிச்சிடு" என்றார்.

"நோட்டு எங்கிட்டயே இருக்கட்டும் அத்தை. மூடிதான் இனிமே எல்லாருக்கும் தெரியிற மாதிரி இருக்கப் போகுதே."

கேட் வரை என் கணவர் கூட வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மூச்சு வந்தது. பேச்சு வரும் என்று தெரிந்து நின்றேன்.

"நீ அப்பவே 'செப்டிக் டேங்க்'னு எழுதியிருந்தா இவ்வளவும் வந்திருக்காதே" என்றார்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாக, கொஞ்சம் பரிவாகக்கூடச் சொன்னார். அதுதான் அவரால் முடிந்த மன்னிப்பு என்று எனக்குப் புரிந்தது.

"அன்னைக்குக் கதவு வரைக்கும் வந்தீங்களே, மூடியைத் திறந்து பார்த்திருந்தாலும் வந்திருக்காதுங்க. மூடி எங்க இருக்குன்னாவது தெரிஞ்சிருக்கும்."

அவர் கேட்டின் தாழ்ப்பாளை நகத்தால் சுரண்டினார்.

"ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க" என்றேன். "உங்க தங்கச்சிகிட்டச் சொல்லிடுங்க, அது டேங்க்குதான்னு. வேற எதுவும் வேணாம்."

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"அவ இப்பதான் எல்லாத்தையும் மறந்து இருக்கா. மறுபடியும் எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?"

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. ஏறியவர்கள் ஒரு முறை மூக்கைச் சுளித்துவிட்டுப் பின்னால் போனார்கள்.

அக்கா வீட்டுக் குழாயடியில் டேப்பைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எண்கள் அழியாமல், ஒவ்வோர் அங்குலமாக. அக்கா பின்னால் வந்து நின்றாள். நாற்றம் அவளுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லியிருக்கும்.

"என்னடி கேட்டான்?"

"மூடி எங்கன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"சொல்லிட்டு வந்தேன்."

அவள் என் கையிலிருந்து சோப்பை வாங்கி வைத்தாள். உள்ளே போனேன். சட்டை மெஷின்மேல் அப்படியே கிடந்தது. காலர் மூலையில் கத்தரி முனை போட்ட ஓட்டை. மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். காலரைப் பிரித்துவிட்டு வேறு துணி வெட்டினேன்.